உயிர்ப்பும் உயிரும்

தமிழில் உயிர் என்னும் சொல்லும் உயிர்ப்பு என்னும் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. மூச்சுவிடுதலை உயிர்த்தல் என்று வழங்கிய பழந்தமிழ், உடலை உயிருள்ளதாக்கும் பொருளுக்கும் அந்த வேரிலிருந்தே பெயர் வைத்ததனால், மூச்சு வேறு உயிர் வேறு என்று பிரித்துக் காட்ட முயல்பவர் மொழியோடு மல்லுக்கட்டியே அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் வழியில் உள்ள ஐயம்பேட்டையின் நெசவுத் தெருக்களில் மூச்சு அடங்கிவிட்டது என்றாலும் உயிர் பிரிந்துவிட்டது என்றாலும் கேட்பவருக்கு அது ஒரே செய்திதான். தமிழ்ச் சைவத்தின் தருக்கமோ இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ள மறுத்தது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதத்தின் 12 நூற்பாக்களுள் மூன்றாவது, இந்த மறுப்புக்கென்றே ஒரு காரணத்தை ஒதுக்கி வைத்திருக்கிறது. மூச்சு நெஞ்சுக்குள் எங்கெங்கு சென்று சேர்கிறது என்பதைத் திரையில் வரைந்து காட்டும் அணுக்கரு மருத்துவம் வந்தபின், அந்தப் பழைய வழக்கை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. உயிர்ப்பு கண்ணுக்கு அகப்பட்டுவிட்டதா, அகப்பட்டதெனில் அதனோடு சேர்ந்து அகப்பட்டது வேறு என்ன என்னும் வினா இனி ஏட்டுக்குள் மட்டும் இருக்கக்கூடியது அன்று.

எக்ஸ்-கதிர்ப் படத்தில் கதிர் வெளியிலிருந்து புறப்பட்டு உடலைக் கடந்து செல்கிறது. உடலின் நிழலே படமாகிறது. அணுக்கரு மருத்துவத்தில் கதிரை வெளியிடும் பொருளை மிகச் சிறிய அளவில் உடலுக்குள் செலுத்திவிட்டு, அது சென்று தங்கும் இடங்களிலிருந்து வரும் கதிரை வெளியே நின்று பிடிக்கிறார்கள். முன்னது உறுப்பின் வடிவத்தையும் பின்னது உறுப்பின் தொழிலையும் காட்டுவது இதனால்தான். உடலின் போக்கைக் குலைக்காத சிற்றளவுப் பொருளை அனுப்பி அதன் வழியைப் பின்தொடரும் இம்முறைக்குத் தடங்காட்டி முறை என்று பெயர்; இதனை வகுத்த ஜார்ஜ் ஹெவெசி 1943ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசைப் பெற்றார். நுரையீரல் படத்துக்குப் பெரிதும் பயன்படுவது டெக்னீசியம்-99எம். 1937இல் இத்தாலியின் பலெர்மோ நகரில் கார்லோ பெரியரும் எமிலியோ செக்ரேயும் கண்டறிந்த இத்தனிமத்தின் பெயருக்குக் கிரேக்க மொழியில் செயற்கையானது என்பது பொருள். இதன் அரைவாழ்வு, அதாவது இருப்பில் பாதி கழிவதற்கு ஆகும் காலம், ஏறத்தாழ 6 மணி நேரமே என்பதால் இதைச் சேமித்து வைக்க இயலாது. 66 மணி நேர அரைவாழ்வுடைய மாலிப்டினம்-99ஐ ஈயக் கவசமிட்ட உருளைக்குள் அடைத்து மருத்துவமனைக்கு அனுப்ப, அது சிதைந்து சிதைந்து டெக்னீசியமாக மாறிக்கொண்டிருக்கும். காலையில் உப்புநீரைச் செலுத்தினால் டெக்னீசியம் மட்டும் கரைந்து வெளிவரும். அந்த உருளையைப் பசு என்றும் அவ்வேலையைப் பால் கறத்தல் என்றும் உலகெங்கும் இத்துறையினர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மறுநாள் காலை மடி மறுபடியும் சுரந்திருக்கும்.

இத்தகைய துறை சென்னையிலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் உண்டு. ஐயம்பேட்டையிலிருந்து அங்கே செல்லும் ஒரு நோயாளிக்கு நடப்பதை வரிசையாகச் சொன்னால், அதில் உள்ள தத்துவச் சிக்கல் தானே வெளிப்படும். முதலில் அவர் குழாய் வழியே ஒரு நுண்பனியைச் சில நிமிடம் வாயால் இழுத்து விடுகிறார். கதிர்ப்பொருள் கலந்த அத்துளிகள் காற்றுச் செல்லும் இடமெல்லாம் சென்று படிகின்றன. பிறகு அவரை மல்லாந்து படுக்கவைத்துக் கை நரம்பில் ஊசி போடுகிறார்கள். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் குருதி நுரையீரலின் அடிப்பகுதிக்கே மிகுதியாக இறங்கிவிடும் என்பதனால்தான் படுக்கை. ஊசியில் இருப்பது ஆல்புமின் என்னும் புரதத்தைச் சூடாக்கித் திரட்டிய துகள்கள். ஒவ்வொன்றும் 10 முதல் 90 மைக்ரான் வரை பருமன் உடையது. நுரையீரலின் தந்துகி நாளமோ 7 அல்லது 8 மைக்ரானே அகலம் உடையதாகையால், இதயத்தின் வழியாக நுரையீரலுக்கு வரும் துகள் அங்கேயே சிக்கிக்கொள்கிறது. சில இலட்சம் நுண்குழாய்கள் இவ்வாறு அடைபடுகின்றன. ஆயினும் அவற்றின் மொத்தத் தொகையோடு ஒப்பிட்டால் அது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, புரதமும் சில மணி நேரத்தில் கரைந்துவிடும். குருதி ஓடுகிறதா என்று அறிவதற்காகக் குருதியோட்டத்தையே மிகச் சிறிதளவு தடுக்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. உலகைத் தொடாமல் உலகை அறியும் அறிவு கருவிகளுக்கு வாய்த்ததில்லை.

இவ்வாறு கிடைக்கும் இரண்டு படங்களுள் ஒன்று காற்றுக்கு உரியது, மற்றொன்று குருதிக்கு உரியது; மருத்துவர் படிப்பது இவற்றுள் எதையும் தனியாக அன்று, இரண்டின் பொருத்தத்தையே. காஞ்சிப் பட்டின் கோர்வை முறையை அறிந்தவருக்கு இது எளிதில் விளங்கும். சேலையின் உடலும் கரையும் தனித்தனி நாடாக்களால் வெவ்வேறு நிறத்தில் நெய்யப்பட்டு, ஊடை இழை ஒவ்வொன்றும் எல்லையில் எதிர்நிற இழையோடு கொக்கிபோல் மாட்டப்படுகிறது. நெய்பவருக்குத் துணையாகக் கரையின் நாடாவைத் தள்ளித் தர இன்னொருவர் தறியில் உட்காருவது இதற்காகத்தான். மாட்டல் தவறினால் உடலில் ஒரு பழுதும் இராது, கரையிலும் ஒரு பழுதும் இராது; இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். நுரையீரலில் காற்று வந்து சேர்ந்தும் குருதி வராத இடம் தென்பட்டால் நாளத்தில் குருதிக்கட்டி அடைத்திருக்கலாம் என்றும், இரண்டும் ஒருங்கே குறைந்திருந்தால் நுரையீரல் திசுவிலேயே நோய் இருக்கலாம் என்றும் கருதுவர். காசநோயால் ஒரு பக்கம் அழிந்த நுரையீரலை அறுத்து அகற்றுமுன், எஞ்சும் பக்கம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடவும் இப்படம் உதவுகிறது.

நுரையீரல் காயம் என்று மருத்துவம் வழங்குவது இதைவிட நுண்ணியது. நுரையீரலின் காற்றறைகளுக்கும் குருதித் தந்துகிகளுக்கும் நடுவே உள்ள சுவர், ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிப்புடையதாயினும், காற்றை விட்டு நீரைத் தடுக்கும் வல்லமை உடையது. நச்சுப்புகை, கடுந்தொற்று, குருதியில் பரவிய அழற்சி ஆகியவற்றால் அச்சுவர் கசியத் தொடங்கினால் காற்றறைக்குள் நீர் கோக்கிறது. 1967இல் டேவிட் ஆஷ்பாவும் அவருடைய கூட்டாளிகளும் 12 நோயாளிகளைக் கொண்டு விவரித்த கடும் மூச்சுத்திணறல் நிலை, இன்று ஏஆர்டிஎஸ் என்று அழைக்கப்படுவது, இக்கசிவின் முற்றிய வடிவம். தமிழ்நாட்டில் ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலும் கொரோனாவும் இந்நிலைக்குப் பலரைக் கொண்டுசென்றிருக்கின்றன. கசிவை அளக்க அணுக்கரு மருத்துவம் கண்ட வழி எளிமையானது: டெக்னீசியத்தோடு பிணைத்த டிடிபிஏ என்னும் சிறு மூலக்கூறை நுண்பனியாக மூச்சில் இழுக்கச் செய்து, அது நுரையீரலிலிருந்து குருதிக்குள் எவ்வளவு விரைவாக நழுவுகிறது என்று கணக்கிடுவார்கள். புகைபிடிக்காத ஒருவரிடம் பாதி நழுவ ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும்; புகைபிடிப்பவரிடம் இருபது, முப்பது நிமிடங்களிலேயே அது நடந்துவிடுகிறது; பழக்கத்தை நிறுத்தினால் சில வாரங்களில் வேகம் குறைகிறது. பிஇடி என்னும் வேறொரு படமுறையோ 110 நிமிட அரைவாழ்வுடைய ஃபுளூரின்-18 ஏற்றிய சர்க்கரையைக் கொண்டு, அழற்சியில் ஈடுபட்ட வெள்ளணுக்கள் எங்கே குவிந்து சர்க்கரையை உண்கின்றன என்று காட்டுகிறது. ஆனால் ஏஆர்டிஎஸ் நோயை வரையறுக்க 2012இல் வகுக்கப்பட்ட பெர்லின் அளவுகோல் மார்புப் படத்தையும் குருதியின் ஆக்சிஜனையும் கொண்டதே. செயற்கைச் சுவாசத்தில் கிடப்பவரைப் படக்கருவி இருக்கும் அறைவரை கொண்டுசெல்வது அத்தனை கடினம் என்பதனால், காயத்தை அளக்கும் இம்முறைகள் பெரும்பாலும் ஆய்வோடு நின்றுவிட்டன.

பீடி குடிப்பவரின் சுவர் கசிவது அவருக்கு வலிப்பதில்லை. இருமல்கூட இல்லாத நாளில் படம் அதைச் சொல்லிவிடுகிறது. 14ஆம் நூற்றாண்டின் உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில், உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்தை இருளோடு ஒப்பிட்டு, இருள் பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதையாவது காட்டிக்கொள்கிறது, ஆணவமோ அதுவும் செய்யாது என்கிறார். உணரப்படாத காயத்தின் இயல்பும் ஏறக்குறைய அப்படிப்பட்டதே. இந்த ஒப்புமையை இதற்கு மேல் இழுப்பது தகாது. ஆணவத்துக்குப் படக்கருவி இல்லை.

இப்போது அறிவின் வகை பற்றிய வினாவுக்கு வரலாம். சைவ சித்தாந்தம் ஒரு பொருளை அறிந்தோம் என்று சொல்வதற்கு உரிய வழிகளை அளவை என்று பெயரிட்டு, காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடக்கும். புலனுக்கு நேரே பட்டு அறிவது காட்சி. புகையைக் கண்டு தீயை அறிவதுபோல ஒன்றைக் கொண்டு இன்னொன்றை அறிவது கருதல். நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது உரை. காற்று இவற்றுள் எதனால் அறியப்படுகிறது என்பது இந்தியத் தருக்க நூலார் நெடுங்காலம் வாதிட்ட பொருள். காற்றுக்கு உருவம் இல்லை, ஊறு அதாவது தொடுவுணர்வு மட்டுமே உண்டு. எனவே தோலில் படும் ஊறைக் கொண்டு அதற்கு இடமாகிய காற்றைக் கருதியே அறிகிறோம் என்று பழைய மரபினரும், தொடுதலே காற்றின் நேர்க்காட்சி என்று புதிய மரபினரும் கூறினர். இவ்வாதம் பயிலும் தருக்கசங்கிரகத்தைத் தமிழில் பெயர்த்தவர் சிவஞான முனிவர். 1785இல் மறைந்த அவரே சிவஞானபோதத்துக்கு மாபாடியம் என்னும் பேருரையையும், காஞ்சிப்புராணத்தின் முதற்காண்டத்தையும் இயற்றினார் என்பதனால், காற்றை அறியும் முறை, உயிரை அறியும் முறை, காஞ்சி ஆகிய மூன்றும் ஒரே மனிதரின் எழுத்தாணியில் வந்து கூடுகின்றன.

பஞ்சபூதத் தலங்களுள் காஞ்சி ஏகாம்பரம் நிலத்துக்கும் காளத்தி காற்றுக்கும் உரியவை. காளத்திக் கருவறையில் காற்றுப் புக வழியில்லாத இடத்தில் ஒரு விளக்கின் சுடர் அசைவதைக் காட்டி, அதையே வாயுவின் அடையாளமாகச் சொல்வது மரபு. அங்கும் பக்தர் காண்பது காற்றை அன்று, சுடரின் அசைவை. 1950களில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஹால் ஆங்கர் வடிவமைத்த காமா கேமராவும் இந்த வகையில்தான் இயங்குகிறது. அதன் முகத்தில் உள்ள சோடியம் அயோடைடு படிகத்தில் ஒரு காமாக் கதிர் பட்டால் கணநேர மினுக்கம் ஒன்று தோன்றும்; பின்னால் நிற்கும் குழாய்கள் அம்மினுக்கத்தை மின்துடிப்பாக்கி, படிகத்தின் எந்த இடத்தில் அது நிகழ்ந்தது என்று கணித்து, திரையில் ஒரு புள்ளியை இடும். சில இலட்சம் மினுக்கங்கள் சேர்ந்து ஒரு நுரையீரல் படம். ஆகவே திரையில் மருத்துவர் பார்ப்பது புள்ளிகளை. புள்ளியிலிருந்து மினுக்கத்தையும், மினுக்கத்திலிருந்து கதிரையும், கதிரிலிருந்து துகளையும், துகளிலிருந்து குருதியையும் அவர் கருதிச் செல்கிறார். மூச்சைக் கண்டோம் என்னும் பேச்சு உபசார வழக்கு. உண்மையில் இது நான்கைந்து படி கொண்ட கருதல். அதனால் இதற்கு மதிப்புக் குறைவில்லை. புகைக்கும் தீக்கும் உள்ள விடாத தொடர்பை உறுதி செய்தபின் எழும் கருதல் காட்சிக்கு இளைத்ததன்று என்பதுதான் தருக்க நூலாரின் முடிவும்.

தொடர்பை உறுதி செய்யாமல் எழும் கருதலால் விளையும் கேட்டுக்கும் இத்துறையிலேயே சான்று உண்டு. 1985இல் பிரான்சில் பியேர் த வெர்னெஜூலும் அவருடைய கூட்டாளிகளும், சீன அக்குபங்சர் மரபு சொல்லும் புள்ளிகளில் டெக்னீசியத்தை ஊசியால் செலுத்தி, அது கோடுகோடாக ஓடுவதைக் காமா கேமராவில் பதிந்து, உயிராற்றல் ஓடும் தடங்களைக் கண்டுவிட்டதாக அறிவித்தார்கள். சில ஆண்டுகளுக்குள் வேறு ஆய்வாளர்கள் அக்குபங்சர் புள்ளி அல்லாத இடங்களிலும் அதே ஊசியைப் போட்டுப் பார்த்தபோது கோடுகள் அங்கும் ஓடின. அவை தோலடியிலிருந்து பொருளை வடித்துச் செல்லும் சாதாரணக் குருதி நாளங்களின் வழி என்று தெளிந்தது. தீயில்லாத இடத்திலும் புகையைப்போல் தோன்றுவது உண்டா என்று சோதிக்காத பிழை அது. நம் மேடைகளில் இடகலை, பிங்கலை நாடிகளை அறிவியல் படமெடுத்து நிறுவிவிட்டது என்று பேசுபவர்களும் இதே பிழையைச் செய்கிறார்கள். திருமூலர் மரபில் பூரகம், கும்பகம், இரேசகம் என்று மூச்சை இழுத்து, நிறுத்தி, விடும் பயிற்சியோடு சேர்த்துச் சொல்லப்படும் நாடிகள் யோகியின் அகப்பயிற்சிக்கு உரிய வரைபடம். அவற்றைக் குருதிக் குழாயோடும் காற்றுக் குழலோடும் ஒன்றாக்குவது அறிவியலுக்கு ஒவ்வாதது, யோகத்துக்கும் இழிவு. பெருமை தேடப் போய், பிரான்சில் கவிழ்ந்த வண்டியிலேயே ஏறுவானேன்?

எதிர்ப்பக்கத்திலும் ஓர் அவசரம் இருக்கிறது. மூச்சு என்பது காற்றும் குருதியும் கூடும் வேலை, அதைப் பகுதி பகுதியாக அளந்துவிட்டோம், இதில் உயிர் என்று தனியே ஒன்று தென்படவில்லை என்று சொல்பவர், உயிர் என்பது மூச்சே என்னும் கொள்கையைச் சைவத்தின் தலையில் ஏற்றிவிட்டுப் பிறகு அதை மறுக்கிறார். சைவம் அக்கொள்கையைத் தானே மறுத்துவிட்டது. பிராணன் முதலாகத் தனஞ்செயன் ஈறாக எண்ணப்படும் பத்து வாயுக்களையும் சித்தாந்தம் அறிவற்ற கருவிகளின் கணக்கில்தான் வைத்திருக்கிறது. மூன்றாம் நூற்பாவில் உடலே உயிர், புலனே உயிர், மூச்சே உயிர் என்னும் கட்சிகளை ஒவ்வொன்றாக விலக்கும் மெய்கண்டார், மூச்சை விலக்கச் சொல்லும் காரணம் இதுதான்: உறக்கத்தில் மூச்சு இடையறாமல் நடந்துகொண்டிருக்கிறது, ஆயினும் உண்டு நுகர்தலும் செயலும் அப்போது இல்லை, மூச்சே அறிபவனாயின், அது விழித்திருக்கையில் உறங்குபவன் எதையும் நுகராமல் கிடப்பது எப்படி? படக்கருவியின் கீழ் அசையாமல் நெடுநேரம் படுத்திருக்கும் நோயாளி சில வேளை கண்ணயர்ந்துவிடுவதுண்டு. அவர் விழித்திருந்தாரா உறங்கினாரா என்பதை, முடிவில் கையில் கிடைக்கும் நுரையீரல் படத்தைப் பார்த்து எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.

மெய்கண்டாரின் காரணங்கள் எல்லாம் ஒரே வலிமை உடையன அல்ல. என் உடல் என்று உடைமையாகச் சொல்வதனால் உடலுக்கு வேறாக ஒருவன் உண்டு என்னும் காரணம், என் உயிர் என்றும் அதே வாய் சொல்வதை எண்ணும்போது தளர்கிறது. உரையாசிரியர்கள் அதை உபசாரம் என்று சொல்லி நிறைவு கொண்டாலும், மொழிப்பழக்கத்திலிருந்து மெய்ப்பொருளை எடுப்பது என்றுமே வழுக்கு நிலம். உறக்கத்தைக் கொண்டு சொன்ன காரணம் அவ்வாறன்று. அது நிகழ்ச்சியிலிருந்து எடுத்தது. ஆனால் அதுவும் மூச்சை மட்டுமே விலக்குகிறது. உறங்கும்போது மாறுவது மூளை என்று இன்றைய மருத்துவம் சொல்லும். மூளையே அறிபவன் என்பவரோடு வாதிட அந்த நூற்பா தனியாகப் போதாது, வேறு காரணங்கள் வேண்டும். இதை ஒப்புக்கொள்வது மெய்கண்டாரைக் குறைப்பதாகாது. 13ஆம் நூற்றாண்டில் எதிரே நின்ற கட்சிக்கு அவர் விடை சொன்னார். இன்றைய கட்சிக்கு விடை சொல்லும் கடன் இன்றைய சித்தாந்திகளுடையது.

மூச்சைப் பற்றிய அவருடைய விடை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதைச் செயற்கைச் சுவாசக் கருவி காட்டிவிட்டது. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம், மூளைத்தண்டு மீளாதபடி செயலிழந்தவரை, அவருடைய நெஞ்சு கருவியால் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போதே இறந்தவராகக் கொள்கிறது. நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து இதனை உறுதி செய்ய வேண்டும். அச்சோதனைகளுள் ஒன்று, கருவியைச் சிறிது நேரம் விலக்கிவிட்டு, குருதியில் கரியமில வாயு ஏறிய பின்னும் அவர் தாமாக ஒரு மூச்சை எடுக்க முயல்கிறாரா என்று பார்ப்பது. மூச்சு இங்கே உயிராகக் கொள்ளப்படவில்லை. உயிர்க்கு அடையாளமாகத் தேடப்படுகிறது, அதுவும் தானாக எழும் மூச்சு மட்டும். 2008 முதல் தமிழ்நாட்டில் நடந்துவரும் மூளைச்சாவு உறுப்புக்கொடைத் திட்டத்தின்கீழ், கட்டிலருகே நின்று கையெழுத்திடும் குடும்பத்தினருக்கு, நெஞ்சு அசைகிறதே என்னும் ஐயத்தைத் தாண்டுவதுதான் பெரும்பாடு. உயிரும் உயிர்ப்பும் ஒன்றென்று பழகிய மொழி அவர்களை அங்கே கைவிட்டுவிடுகிறது.

அந்நிலையில் கிடப்பவரின் மூளைக்குக் குருதி செல்கிறதா என்று ஐயம் எழும் இடங்களில் சில நாடுகளில் டெக்னீசியப் படமே எடுக்கப்படுவதுண்டு. மூளை இருக்க வேண்டிய இடம் அதில் வெறுமையாகத் தெரியும். அதே டெக்னீசியத்தைக் கொண்டு அவருடைய நெஞ்சைப் படமெடுத்தால், நுரையீரல் நோயற்றதாய் இருக்குமாயின், காற்றும் குருதியும் பொருந்திய, ஒரு குறையும் இல்லாத படமே வரும்.